சோறு ஒரு படி மேலே ஏறிய கதை

கிள்ளானில் அம்மா வீட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்தால், கதவின் உட்புறத்தில் ஒரு பழைய தாள் ஒட்டியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, ஓரம் மடங்கி, மஞ்சளாகிப் போன உணவுக் கூம்பகப் படம். அடியில் அகலமான படியில் சோறு, ரொட்டி, மீ. அதற்கு மேல் காய், பழம். அதற்கு மேல் மீன், கோழி, முட்டை, பால். உச்சியில் எண்ணெய், சீனி, உப்பு.

அதை அங்கே ஒட்டியவள் நான்தான். 2000ஆம் ஆண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்த புதிது. பள்ளியில் மிஞ்சிய தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவுக்கு விளக்கமும் சொன்னேன். "கீழ இருக்கிறத நெறைய சாப்பிடணும்மா, மேல இருக்கிறத கொஞ்சமா சாப்பிடணும். கவர்மெண்டே சொல்லுது." அம்மாவுக்கு அப்போது ஐம்பது வயது. ஆசிரியை மகள் சொல்லிவிட்டாள் என்று மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினார்.

நான்கு ஆண்டுகளில் அம்மாவுக்கு இனிப்புநீர் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கால் விரலில் புண் வந்து, அது ஆறுவதற்குள் வீட்டில் எல்லாரும் ஒரு சுற்று இளைத்துவிட்டோம். விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று சொன்னார்கள். நல்லவேளை, எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஓர் அரசாங்கக் கிளினிக்கில் உணவு ஆலோசகர் முன் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். இளம்பெண். மேசைமேல் வட்டத் தட்டுப் படம் ஒன்றை வைத்தார். தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால் பங்கு மட்டுமே சோறு. "ஆன்ட்டி, சோத்த கொறைக்கணும். இவ்ளோதான்" என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினார்.

அம்மா படத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். "அப்ப நீங்கதானேம்மா நெறைய சாப்பிடச் சொன்னீங்க?"

பக்கத்தில் நின்ற மிஸ்ஸி சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்த 'நீங்க' அந்தப் பெண்ணை மட்டும் குறிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அது என்னையும் சேர்த்துத்தான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அரசாங்கம் ஒரு காலத்தில் ஒன்று சொல்கிறது, இன்னொரு காலத்தில் வேறொன்று சொல்கிறது. எதை நம்பிச் சமைப்பது? பதில் தேடிப் போனபோது கதை என் தாளில் தொடங்கவில்லை என்று தெரிந்தது. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், இதே கோலாலம்பூரில், நம் புழுங்கல் அரிசியில் தொடங்கியிருக்கிறது.

புழுங்கல் அரிசி சொன்ன பாடம்

1900களின் தொடக்கத்தில் மலாயாவை மிரட்டிய நோய் பெரிபெரி. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், நடக்க முடியாமல் போகும், கடைசியில் இதயம் நிற்கும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் இதே நிலைமை.

ஆனால் ஒரு புதிர் இருந்தது. அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு இந்த நோய் மிகக் குறைவாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளரிசி. தமிழர்கள் சாப்பிட்டது நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்திய புழுங்கல் அரிசி. வேறுபாடு அரிசியில்தான் இருக்கிறது என்று 1907இல் அவர் ஒரு புத்தகமே எழுதினார்.

இதைச் சோதித்துப் பார்த்த இடம் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை. 1905 இறுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்கு ஒரு பகுதி, அவர்களுக்குச் சயாம் வெள்ளரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்களுக்கு மற்றொரு பகுதி, அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவு இரு பக்கமும் ஒன்றே. நடுவில் தங்குமிடத்தையும் மாற்றிப் பார்த்தார், கட்டடத்தில் கோளாறு இருக்குமோ என்று. ஓர் ஆண்டில் வெள்ளரிசிப் பக்கத்தில் பெரிபெரியால் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கத்தில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை.

அந்தப் பதினெட்டுப் பேரிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். அதை நினைத்தால் மனம் கனக்கிறது. இன்று அப்படியொரு சோதனையை எந்த மருத்துவமனையும் செய்ய முடியாது.

1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்த வேலையைத் தொடர்ந்தது. அங்கிருந்த ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலான் காட்டுப் பகுதியில் வேலை செய்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கிச் சோதித்து, 1909இல் முடிவை வெளியிட்டார்கள். அரிசியைத் தீட்டும்போது போகிற தவிட்டில்தான் நோயைத் தடுக்கும் பொருள் இருக்கிறது என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தொடர்ந்து வெள்ளரிசி சாப்பிடுவதே பெரிபெரிக்குக் காரணம் என்று ஏற்றுக்கொண்டது. அந்தப் பொருளைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து உமிப் பக்கத்திலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை.

இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. பிராடன் காரணத்தைத் தவறாகத்தான் புரிந்துகொண்டார். பழைய வெள்ளரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று நினைத்தார். உண்மையில் நஞ்சு எதுவும் சேரவில்லை, சத்துதான் குறைந்திருந்தது. காரணம் தவறு, ஆனால் "வெள்ளரிசியை விடு" என்ற அறிவுரை சரி. காரணம் சரியாகத் தெரிய இன்னும் சில ஆண்டுகளும் வேறு சில மனிதர்களும் தேவைப்பட்டார்கள். அறிவுரை என்பது அன்றைக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்வது. இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பசி இருந்த காலத்து அறிவுரை

அம்மா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் பாட்டியோடு பால்மரம் வெட்டப் போனார். விடியும் முன்பே எழுந்து, மேடும் பள்ளமுமாக நடந்து, வாளி சுமந்து திரும்பும்போது பகல் ஏறிவிடும். லயத்து வீட்டில் புழுங்கல் அரிசிச் சோறு, பருப்புக் குழம்பு, வீட்டுக்குப் பின்னால் பறித்த முருங்கைக் கீரை, கருவாடு. "ஒரு சட்டி சோறு சாப்பிடுவோம். அது எங்க போச்சின்னே தெரியாது" என்பார்.

ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதையைப் பாட்டி சொல்லி நாங்கள் வளர்ந்தோம். அந்தத் தலைமுறைக்குச் சோறு என்றால் பாதுகாப்பு. வயிறு நிறையச் சோறு போடுவதுதான் அன்பு. அரசாங்கத்தின் கவலையும் அப்போது அதுவாகத்தான் இருந்தது. பிள்ளைகள் இளைத்திருக்கிறார்கள், தாய்மார்களுக்கு இரத்தச் சோகை, இன்னும் சாப்பிட வேண்டும். ஒரு மலேசியருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு சத்து தேவை என்ற முதல் பட்டியல் 1975இல் வந்தது. 1980களில் பள்ளியில் எங்களுக்குப் பால் கொடுத்தார்கள். வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு காலம் மாறியது. 1991இல் சுகாதார அமைச்சு ஆரோக்கிய வாழ்க்கைமுறை பிரச்சாரத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு கருப்பொருள். 1996இல் இனிப்புநீர். 1997இல் ஆரோக்கிய உணவு. இதைத் தொடர்ந்து 1999இல் மலேசியாவின் முதல் உணவு வழிகாட்டி வெளிவந்தது. மொத்தம் எட்டே செய்திகள். பலவகை உணவு உண்ணுங்கள், எடையைக் கட்டுக்குள் வையுங்கள், கொழுப்பைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், சீனியைக் குறையுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுங்கள். நான் விட்டுவிட்ட ஒன்றுதான் என் நெஞ்சில் குத்தியது. சோறும் மற்ற தானிய உணவும், பருப்பும், பழமும், காய்கறியும் அதிகம் உண்ணுங்கள் என்பது அது.

ஆக, அம்மா பொய் சொல்லவில்லை. 'அதிகம்' என்ற சொல் அங்கே இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னார்கள்? அந்தக் காலத்தில் உலகமே கொழுப்பைக் கண்டு பயந்தது. அமெரிக்கா 1980இல் தன் முதல் உணவு வழிகாட்டியை வெளியிட்டது. 1992இல் அங்கே வந்த கூம்பகத்தில் ரொட்டி, சோறு, தானியம் எல்லாம் அடிப்படியில், நாளுக்கு 6 முதல் 11 பங்கு வரை. கொழுப்பு மாரடைப்பைத் தரும், ஆகவே கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தைத் தானியத்தால் நிரப்பு என்பது அன்றைய எண்ணம். நம் கூம்பகமும் அதே வடிவில்தான் வந்தது. எந்தத் தானியம், தீட்டியதா தீட்டாததா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. பெரிபெரி காலத்தில் கோலாலம்பூரே கேட்ட கேள்வி அது!

எட்டு பதினான்கானது

இரண்டாம் வழிகாட்டி 2010இல் வந்தது. எட்டுச் செய்திகள் பதினான்காக வளர்ந்தன. 'அதிகம்' என்ற சொல் போய், சோறும் தானியமும் 'போதுமான அளவு' உண்ணுங்கள், முழுத்தானியமாக இருந்தால் நல்லது என்று வந்தது. ஆனாலும் கூம்பகத்தின் அடியில் இன்னும் சோறுதான். நாளுக்கு 4 முதல் 8 பங்கு.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் வந்ததுதான் அந்தத் தட்டுப் படம். மலாயில் 'சுக்கு சுக்கு செபாரோ' என்கிறார்கள். கால், கால், அரை. தட்டில் கால் பங்கு சோறு அல்லது வேறு தானியம், கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்றவை, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். பங்குக் கணக்குத் தெரியாதவருக்கும் தட்டு தெரியும் என்பதால் இது சுலபமாகப் பரவியது. அமெரிக்காவும் 2011இல் கூம்பகத்தை விட்டுத் தட்டுக்கு மாறியிருந்தது.

மூன்றாம் வழிகாட்டிக்கு 2020 என்று பெயர். வெளியானது 2021இல், கோவிட் காலத்தில். அதனால் பலர் கவனிக்காமல் விட்டிருக்கலாம். பெரிய மாற்றம் அதில்தான் நடந்தது. கூம்பகத்தின் அடிப்படிக்குக் காய்கறியும் பழமும் இறங்கிவிட்டன. சோறு ஒரு படி மேலே, இரண்டாம் படிக்குப் போனது. அளவும் 3 முதல் 5 பங்காகக் குறைந்தது. அதிலும் பாதியாவது முழுத்தானியமாக இருக்க வேண்டும். பருப்பு நாளுக்கு ஒரு பங்கு. காய்கறி குறைந்தது மூன்று பங்கு, பழம் இரண்டு.

கூம்பகத்தில் மேலே ஏறுவது என்றால் தட்டில் குறைவது என்று பொருள். இருபது ஆண்டுகளில் சோறு 'அதிகம்' என்பதிலிருந்து 'போதும்' என்பதற்கு வந்து, பிறகு அடிப்படியையும் காய்கறிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது.

மாறியது அறிவுரை மட்டுமா?

இல்லை. மாறியது நாமும்தான்.

முப்பது வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 1986இல் 6.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. 2006இல் அது 14.9 விழுக்காடு. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோரை எடுத்துக்கொண்ட 2019 தேசிய ஆய்வில் 18.3 விழுக்காடு. 2023இல் 15.6 விழுக்காடு என்று சற்று இறங்கியிருக்கிறது. இருந்தாலும் ஆறு பேரில் ஒருவர் என்ற கணக்கு வருகிறது. அதே 2023 ஆய்வின்படி பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எடை அதிகம். இந்த ஆய்வுகளில் இனிப்புநீர் அதிகம் காணப்படுவது நம் இந்திய சமூகத்தில்தான். எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் மாத்திரை டப்பா திறக்கும் சத்தம் கேட்பதற்கு இதுதான் காரணம்.

அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பால்மரம் வெட்டியவர் திருமணமாகி கிள்ளானுக்கு வந்தார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மா தெங்கு கிளானா சாலைப் பக்கம் ஒரு கடைக்குத் தையல் வேலை எடுத்தார். காலை முதல் மாலை வரை உட்கார்ந்த இடம். சோறு மட்டும் தோட்டத்து அளவிலேயே நின்றது. கூடவே புழுங்கல் அரிசி போய், தாய்லாந்து வெள்ளரிசி வந்தது. "பட்டணத்துக்கு வந்து இன்னும் தோட்டத்துச் சோறா? வெள்ளையா இருந்தாத்தான் பாக்க நல்லா இருக்கும்" என்று அம்மாவே சொன்னது நினைவிருக்கிறது. முருங்கைக் கீரைக்குப் பதில் அப்பளம். நான்கு மணிக்கு ஒரு தே தாரிக், பக்கத்தில் வாழைக்காய் பஜ்ஜி.

அப்படியானால் அலமாரிக் கதவில் நான் ஒட்டிய தாள்தான் அம்மாவுக்கு நோயைக் கொண்டுவந்ததா? பல நாள் இரவில் இதை யோசித்திருக்கிறேன். ஆலோசகரிடம் தனியாகக் கேட்டும்விட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பரம்பரை, உடல் அசைவில்லாத வாழ்க்கை, எடை, சீனி, வயது எல்லாம் சேர்ந்து செய்கிற வேலையை ஒரு தாளின் மேல் போட முடியாது. அந்தத் தாளில் சீனியையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்ன உச்சிப் பகுதியும் இருந்ததே, அதை நாம் பார்த்தோமா?

பார்க்கவில்லை. பிடித்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அம்மாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் சோறு பிடிக்கும்.

அவர் இன்னொன்றும் சொன்னார். இந்தப் பொது வழிகாட்டிகள் நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. இனிப்புநீர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களுக்கு அளவு தனித்தனியாகப் பார்க்கப்பட வேண்டும். அம்மாவுக்கு நோய் வந்த பிறகும் இருபது ஆண்டுகள் அந்தத் தாள் கதவிலேயே இருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

ஒரு கை சொன்னது, மறு கை செய்தது

முழுப் பழியையும் நாமே சுமக்க வேண்டியதில்லை. 1999இலேயே சீனியைக் குறைக்கச் சொன்ன அரசாங்கம், 2013 அக்டோபர் வரை சீனிக்கு உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருந்தது. அது நீக்கப்பட்டபோது கிலோவுக்கு 34 சென். குறைத்துச் சாப்பிடு என்று ஒரு கை சொல்ல, மறு கை விலையைக் குறைத்துக் கொடுத்தது.

சீனி சேர்த்த பானங்களுக்கு வரி 2019 ஜூலை 1இல்தான் வந்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 சென். 2024இல் அது 50 சென் ஆனது, 2025இல் 90 சென். இது கடையில் விற்கும் போத்தல், டின், பெட்டிப் பானங்களுக்கு. மாமாக் கடையில் நம் கண்முன்னே ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு அந்த வரி இல்லை. அந்த வரியை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்துச் சுமார் 10 தேக்கரண்டிச் சீனிதான் உச்ச வரம்பு. தேநீரில் ஊற்றும் அந்தக் கெட்டியான கிரீமரும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

அரிசி விவகாரமும் இப்படித்தான். உள்ளூர் வெள்ளரிசிக்கு 10 கிலோ 26 வெள்ளி என்று விலை கட்டுப்பாடு உண்டு. அதே கடையில் தீட்டாத அரிசியின் விலையைப் பாருங்கள். அம்மா பார்த்துவிட்டு, "இது பணக்காரங்க நோய்க்கு வச்ச அரிசி போல" என்றார். பாதி முழுத்தானியம் உண்ணுங்கள் என்று எழுதுவது சுலபம். மாதச் சம்பளத்தில் வாங்குவது வேறு.

இதற்கு நம் வீடுகளில் வழி இல்லாமல் இல்லை. சப்பாத்திக்கு வாங்கும் ஆட்டா மாவு முழுக் கோதுமைதான். கேழ்வரகு முழுத்தானியம்தான். ஆடி மாதம் கோயிலில் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கும் கூழை வீட்டில் வாரம் இருமுறை காய்ச்சினால் யார் தடுப்பார்கள்? பருப்பு நாளுக்கு ஒரு பங்கு என்று வழிகாட்டி சொல்வது நமக்குப் புதிதே அல்ல. சாம்பார் தண்ணீராக இல்லாமல் இருந்தால் போதும். புழுங்கல் அரிசி மருந்து அல்ல, அதுவும் மாவுச்சத்துதான். அளவு மீறினால் அதுவும் ஏற்றும். ஆனால் பளபளவென்று தீட்டிய வெள்ளரிசியோடு ஒப்பிட்டால், பாட்டியின் தேர்வு மோசமில்லை.

இலையில் ஏற்கெனவே இருந்த கணக்கு

நான் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில். சென்ற மாதம் அம்மா கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து இறங்கினார். மதியம் ஒரு வாழை இலைக் கடைக்குப் போனோம். இலை போட்டார்கள். தம்பி ஒருவர் சோற்று வாளியோடு வந்து ஒரு கரண்டி, இரண்டு, மூன்று என்று குவித்தார். பிறகுதான் காய். ஒரு மேசைக்கரண்டி முட்டைக்கோஸ், அதே அளவு பூசணி, நான்கு துண்டு வெள்ளரிக்காய், ஒரு கட்டு அப்பளம்.

அம்மா இலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடு நரம்பை விரலால் தடவிக் காட்டினார். "பாப்பா, எங்க அம்மா பரிமாறும்போது மேல் பாதி பூரா காயா இருக்கும். பொரியல், கூட்டு, பச்சடி, கீரை. சோறு கீழ்ப் பாதியிலதான். அந்த டாக்டர் பொண்ணு காட்டுன தட்டும் இதுவும் ஒண்ணுதானே?"

நான் வாயடைத்துப் போனேன். உண்மைதான். இலையின் மேல் பாதி காய்கறிக்கு என்று நம்மவர்கள் எப்போதோ பிரித்து வைத்துவிட்டார்கள். இடம் அப்படியேதான் இருக்கிறது. அந்த இடத்தில் வைக்கும் அளவுதான் சுருங்கிப் போய்விட்டது. 2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் பரிந்துரைத்த அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை என்று தெரியவந்தது. அந்த 95இல் என் வீடும் இருந்தது.

அம்மா தம்பியைக் கூப்பிட்டார். "சோத்துல பாதிய எடுத்துக்கய்யா. காய் இன்னொரு சுத்து வை. அப்பளம் வேணாம்." அந்தத் தம்பி ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே காய் வாளியைக் கொண்டுவந்தார். கூடுதலாகக் காசு கேட்கவில்லை.

கதவைத் திறந்தால்

அம்மா ஒரே நாளில் மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். இன்னும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வைத்தால் இரண்டாம் முறை சோறு கேட்பார். மாத்திரை குறையவில்லை. ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் 9.8 என்று இருந்தது இப்போது 8.1. ஆலோசகர் இன்னும் இறங்க வேண்டும் என்கிறார். கால் விரல் ஆறிவிட்டது. இரவு செருப்பைக் கழற்றும்போதெல்லாம் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

பிராடன் கதையை ஒரு மாலை அம்மாவிடம் சொன்னேன். தமிழ்த் தொழிலாளி சாப்பிட்ட அரிசியைப் பார்த்து வெள்ளைக்கார டாக்டர் பாடம் படித்தார் என்றதும் அம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. அவர் காரணத்தைத் தப்பாகச் சொன்னார், பிறகு வந்தவர்கள் திருத்தினார்கள் என்றும் சொன்னேன். "அந்தத் தாள் சொன்னதும் அப்படித்தாம்மா. அன்னிக்கித் தெரிஞ்சதச் சொன்னாங்க. நான் அதையும் பாதிதான் உங்களுக்குச் சொன்னேன். அதுக்கப்புறம் மாறினத வந்து சொல்லவே இல்ல. அது என் தப்பு."

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு கேட்டார், "பத்து வருஷம் கழிச்சி மறுபடியும் மாத்தினா?"

மாற்றலாம்தான். இந்தியாவும் 1998இல் எழுதியதை 2011இல் திருத்தி, 2024இல் மறுபடி திருத்தியிருக்கிறது. முட்டையும் கொலஸ்ட்ராலும் பற்றி நாற்பது ஆண்டுகளாகப் பயமுறுத்திய அமெரிக்காவே 2015இல் நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பைக் கைவிட்டது. ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், மாறாமல் நிற்பவையும் உண்டு. 1999இலும் 2010இலும் 2020இலும் சீனியைக் குறை, உப்பைக் குறை, காய் பழம் சாப்பிடு, உடலை அசை, தண்ணீர் குடி என்றுதான் இருக்கிறது. நாள் முழுக்க ஒரு தேக்கரண்டி உப்பு போதும் என்பது கருவாடும் ஊறுகாயும் சேர்த்துத்தான். மாறிய வரியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும் நாம், மாறாத வரிகளை இன்னும் தொடங்கவே இல்லை.

"மாத்தினா வந்து சொல்றேம்மா" என்றேன்.

புதிய கூம்பகப் படம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். பழையதைக் கிழிக்கப் போனபோது அம்மா தடுத்துவிட்டார். "இருக்கட்டும். பக்கத்துல ஒட்டு." இப்போது கதவைத் திறந்தால் இரண்டும் தெரிகின்றன. ஒன்றில் சோறு அடியில், மற்றொன்றில் ஒரு படி மேலே. புதிய தாளின் ஓரத்தில் அம்மா பேனாவால் தமிழில் எழுதியிருக்கிறார்: 'காய் முதல்ல'.

உங்கள் வீட்டுக் கதவிலும் இப்படி ஒரு பழைய தாள் இருக்கலாம். தாளில் இல்லாவிட்டால் மனத்தில் இருக்கலாம். அம்மாவோ, மாமியாரோ, பெரியப்பாவோ யாரோ ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்டதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். அதை அவர்களுக்குச் சொன்னது நம்மில் ஒருவர்தான். மாறிவிட்டது என்று போய்ச் சொல்ல வேண்டியதும் நாம்தான்.